அம்புக்குறியில் தொலைந்த முக்கால் மணி நேரம்

என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். முதல் தடவை டெலிபோனில் மரியாதையாகச் சொன்னேன். இரண்டாம் தடவை எழுத்தில் கொடுத்தேன். மூன்றாம் தடவை பஸ் ஏறி அச்சடித்தவர்களின் அலுவலகத்துக்கே நேரே போய், அந்தக் கந்தோரே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டேன். "அச்சடிச்சு எல்லாத் தோட்டத்துக்கும் போயிருச்சே டாக்டர், இனி என்ன செய்ய ஏலும்?" என்று சிரிக்கிறார்கள். சிரிப்பு வேறு!

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் டிஸ்பென்சரிச் சுவர்களில் இப்போது வழவழவென்று ஒரு பெரிய தாள் தொங்குகிறது. மலையில் ஒருவர் விழுந்தால் அவரை அரசாங்க ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று அதில் படமாகப் போட்டிருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு ஓர் அம்புக்குறி. பெட்டிக்குள் அந்த வேலைக்கு எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டி, கீழே பச்சை நிறத்தில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு கணக்கு. அதற்கும் கீழே 'நன்றி' என்ற தலைப்பில், அனுபவம் பகிர்ந்த ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் என்று போட்டு என் பெயர்.

அந்தக் கணக்கு பொய். தெரிந்தே போட்ட பொய். அது எப்படிப் பொய்யானது என்பதைச் சொல்லாமல், என் பெயரை அதன் கீழே தொங்கவிட்டுவிட்டு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

நான் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து, ஊசி போட்டு, என் கைக்கு மிஞ்சியதை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் உத்தியோகம். தோட்டத்து ஆட்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. 'டாக்டரய்யா' என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. புண் கழுவினேன், பேச்சு வாங்கினேன், பரீட்சை எழுதினேன், பாஸானேன். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்பார்கள், "போன் கூட ஒழுங்கா இல்லாத காலத்துல எப்படி சேர் சமாளிச்சீங்க?" என்று. அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் கதை விட மாட்டேன். லொரியில் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் படுக்கவைத்துக் கொண்டுபோய், வழியிலேயே போன உயிர்கள் எனக்குத் தெரியும். ஆனால், அன்றைக்கு மலையிலிருந்து ஆளைத் தூக்குவதும் நாங்கள்தான், ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவதும் நாங்கள்தான். தோட்டத்து லொரி கடைசிவரைக்கும் போகும். நடுவில் கை மாறும் இடம் என்று ஒன்று கிடையாது.

பிறகு ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ் வந்தது. டெலிபோன் எடுத்தால் போதும், டிஸ்பென்சரி வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று சொல்லி முடியாது. ஆனால் எங்கள் தோட்டத்து ரோடு எப்படிப்பட்டதென்று அதில் போனவர்களுக்குத்தான் தெரியும். ஒரு மழைக் காலத்தில் அம்புலன்ஸின் ஸ்பிரிங் உடைந்தது. ரோடு தோட்டக் கம்பெனியுடையது, வண்டி அரசாங்கத்துடையது. ரோட்டை யார் செய்து கொடுப்பது என்று இரண்டு பக்கமும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் செய்து கொடுக்கவில்லை. அதற்குப் பதில் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு விதி போட்டார்கள்: இனி அம்புலன்ஸ் மெயின் ரோட்டுச் சந்தி வரைக்கும்தான் வரும், நோயாளியைத் தோட்டத்து வாகனம் அங்கே கொண்டுவர வேண்டும், அதுவரை அம்புலன்ஸ் சந்தியில் காத்திருக்க வேண்டும். அம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் அதைச் சொன்னார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதே சமயத்தில் தோட்டப் பக்கமும் ஒரு விதி வந்தது. நோயாளியை ஏற்றப் போய்ப் போய் லொரி பிந்துகிறது, கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறிப் பழுதாகிறது என்று ஃபெக்டரியில் முறைப்பாடு. எனவே ஆஸ்பத்திரியிலிருந்து அம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டதென்று தகவல் வந்தால், தோட்டத்து லொரி கொழுந்து வேலையை விட்டு அசையக் கூடாது. நோயாளியை டிஸ்பென்சரியிலேயே வைத்துக்கொண்டு அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். இதை ஆஸ்பத்திரிக்குச் சொன்னார்களா? அவர்களும் சொல்லவில்லை.

இரண்டையும் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள். இரண்டும் நியாயமாகத்தான் இருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் மானேஜரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தோட்டத்தில் மானேஜரைத் தொரை என்பார்கள். இந்தத் தொரை யாரையும் ஏசியதில்லை, மேசையைத் தட்டியதில்லை. நாம் போய் நின்றால் உட்காரச் சொல்வார். பேசி முடிக்கும்வரை பேனாவையும் கண்ணாடிக் கூட்டையும் மேசையில் நேராக அடுக்கிக்கொண்டிருப்பார். கடைசியில் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நம்ம பக்கம் கிளியர் தானே?" கிளியர் என்றால் அத்தோடு கதை முடிந்தது. மருந்து வரவில்லை என்றாலும் அதே கேள்வி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை பறந்துவிட்டது என்றாலும் அதே கேள்வி. தப்பு நடந்ததா, யாருக்கு என்ன ஆனது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்காது. ஏசுகிற தொரையோடு எதிர்த்துப் பேசலாம். இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

அன்றைக்குப் பதினொரு மணி போல, மேல் மலையில் குளவி கிளம்பியது. பாறை இடுக்கில் கட்டியிருந்த கூட்டைப் பருந்து கொத்திவிட்டதாகச் சொன்னார்கள். குளவி வந்தால் எங்கள் பெண்கள் ஓட மாட்டார்கள். இடுப்பில் கட்டியிருக்கும் படங்குத் துணியை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தேயிலைச் செடிக்கடியில் குப்புறப் படுத்துவிடுவார்கள். அன்றும் அப்படித்தான் படுத்தார்கள். புவனேஸ்வரி மட்டும் எழுந்து ஓடியிருக்கிறாள். செடி நிரைக்குக் கடைசியில் ஒரு கிழவி காது கேட்காமல் கொழுந்து எடுத்துக்கொண்டே இருந்தாளாம். அவளை இழுத்துப் படுக்கவைக்கப் போயிருக்கிறாள். கிழவிக்கு ஏழெட்டுக் கொட்டு. மிச்சமெல்லாம் புவனேஸ்வரிக்கு.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்தவள் புஷ்பம். புவனேஸ்வரியின் புருஷனுடைய தங்கை. இரண்டு பேரும் ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர்கள், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. நாத்தனார் சண்டை தோட்டமே கேட்கும், அப்படிப்பட்ட சண்டை. அந்தப் புஷ்பம்தான் அவளை முதுகில் போட்டுக்கொண்டு படிக்கட்டெல்லாம் இறங்கி வந்தாள். "அண்ணிய பாருங்க டாக்டரய்யா, மூஞ்சிய பாருங்க" என்று கத்தினாள். முகமென்று அங்கே ஒன்றும் இல்லை. கண் இரண்டும் மூடி வீங்கியிருந்தன. மூச்சு விசில் மாதிரி வந்தது.

அட்ரினலின் ஊசி போட்டேன். சேலைன் ஏற்றினேன். இருந்த ஒரே ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்தேன். கொஞ்சத்தில் மூச்சு திரும்பியது, பேசவே பேசினாள். ஆனால் இது நிலைக்காது, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் எடுத்தேன். உடனே அனுப்பினார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. "அம்புலன்ஸ் பொறப்பட்டுருச்சு" என்று தகவல் வந்தது. தொரையின் கந்தோருக்கும் அதே தகவல் போனது.

காத்திருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து சந்திக்கு இருபது நிமிடம், சந்தியிலிருந்து மேலே எங்களிடத்துக்குக் கால் மணி நேரம். அந்த நேரம் போயிற்று. வாசலில் ஒரு வண்டிச் சத்தமும் இல்லை. இரண்டாவது ஊசியையும் போட்டேன். ஒட்சிசன் முள் இறங்கிக்கொண்டே வந்தது. "டாக்டரய்யா, அம்புலன்ஸ் வந்துருச்சுங்களா?" என்று புவனேஸ்வரி கேட்டாள். கண் திறக்க முடியாததால் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் கேட்டாள். "இந்தா வருதும்மா" என்றேன்.

திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். "அது எப்பவோ போயிருச்சே" என்றார்கள். கந்தோருக்கு எடுத்தேன். "சேர், லொரிய தாங்க, நான் கொண்டுபோறேன்" என்றேன். தொரை நிதானமாகச் சொன்னார்: "அம்புலன்ஸ் வருதில்லையா டாக்டர்? வழியில ரெண்டும் மாறிப் போச்சுன்னா என்ன செய்யறது? வெய்ட் பண்ணுங்க. நம்ம பக்கம் கிளியர்." நான் கத்திக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து லொரி நிறையக் கொழுந்தோடு ஃபெக்டரிக்கு இறங்கி வந்தது. டிஸ்பென்சரியைத் தாண்டித்தான் போக வேண்டும். புஷ்பம் ரோட்டுக்கு ஓடி, நட்ட நடுவில் நின்றுவிட்டாள்.

"தள்ளிக்க புள்ள, எனக்கு ஓடர் இல்ல, தொரை சொல்லணும்" என்று டிரைவர் கத்தினார்.

"ஓடர் வர்ற வரைக்கும் எங்க அண்ணி மூச்சப் புடிச்சிக்கிட்டு இருப்பாங்களா? ஏத்துனா எங்க அண்ணிய ஏத்து, இல்லாட்டி என் மேல ஏத்திட்டுப் போ!"

மேல் மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் யாரையும் கேட்கவில்லை. லொரியில் ஏறிச் சாக்குகளைத் தள்ளிவிட்டார்கள். ரோடெல்லாம் கொழுந்து. டிரைவர் ஒரு நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு இறங்கி வந்து தானே பின்கதவைத் திறந்துவிட்டார். புவனேஸ்வரியைக் கட்டிலோடு தூக்கி வைத்தோம். நான் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சந்திக்கு வந்தால், அட கடவுளே, அங்கே நிற்கிறது அம்புலன்ஸ்! மரத்தடியில், எஞ்சினை நிறுத்தி, அழகாகப் பார்க் பண்ணி நிற்கிறது. ஓட்டுகிறவர் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். "நீங்க ஏன் மேல வரல்ல?" என்று சிங்களத்தில் கத்தினேன். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அபிட ஓடர் நே, மஹத்தயா" என்றார். மேலே வர எங்களுக்கு உத்தரவு இல்லை ஐயா என்பது அதற்கு அர்த்தம். தோட்டத்து வாகனம் கொண்டுவரும், காத்திருங்கள் என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தது. கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தும் கேட்டிருக்கிறார். வரும், காத்திருங்கள் என்று அங்கேயும் அதையே சொல்லியிருக்கிறார்கள். முக்கால் மணி நேரமாக அவர் எங்களுக்காகக் கீழே காத்திருந்தார். நாங்கள் அவருக்காக மேலே காத்திருந்தோம். நடுவில் கால் மணி நேர ரோடு.

அவளை அம்புலன்ஸுக்கு மாற்றி ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி தெரிகிற வளைவில் புவனேஸ்வரியின் மூச்சு நின்றது. உள்ளே கொண்டுபோய் என்னவெல்லாமோ செய்தார்கள். திரும்பவில்லை.

பிறகு விசாரணை வைத்தார்கள். கந்தோரில் தேத்தண்ணி, பிஸ்கட் எல்லாம் வந்தது. தோட்டப் பக்கம் ஒருவர் தங்கள் வேலைக்கு எடுத்த நேரத்தை வாசித்தார்: நேரத்துக்குள் இருந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருவர் வாசித்தார்: அதுவும் நேரத்துக்குள். ஊசி போட்ட நேரத்தை நான் சொன்னேன்: அதுவும் நேரத்துக்குள். எல்லாரும் நேரத்துக்குள் வேலை செய்திருக்கிறார்கள், ஒருவர் மேலும் பிழை இல்லை, அளவுக்கு மிஞ்சிய கொட்டுத்தான் காரணம் என்று எழுதினார்கள். "அப்ப அந்த முக்கால் மணி நேரம் யாரோடது?" என்று கேட்டேன். தொரை பேனாவை நேராக வைத்தார். "எமோஷனலா பேசாதீங்க டாக்டர். உங்க பக்கமும் கிளியர் தானே?" என்றார். எனக்கு ஏதோ நல்லது செய்கிற மாதிரி சொன்னார்.

அதைவிடக் கொடுமை அடுத்த கிழமை நடந்தது. புஷ்பத்துக்கும் மற்றப் பெண்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். எதற்கு? கொழுந்தை ரோட்டில் கொட்டி நாசமாக்கியதற்கு! அன்றைக்கு அந்த மலையில் உருப்படியாக ஒரு காரியம் செய்தவர்கள் அந்தப் பெண்கள் மட்டும்தான். அவர்களுக்குத்தான் தண்டனை. தொரையின் முகத்துக்கு நேரே அதைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி என்னவென்று சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு இருந்த கொஞ்சக் காலமும் அவரோடு வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. விதி இரண்டும் அப்படியே இருந்தன. ஓய்வு பெற்று அட்டன் டவுனுக்கு வந்தேன்.

சில வருஷங்கள் கழித்து, நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். தோட்டக் கம்பெனிக்காரர்கள், சுகாதாரப் பக்கத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அவசர நோயாளியை அனுப்புகிற வேலையைப் படமாக்கி, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடப் போகிறார்களாம். உள்ளதைச் சொன்னால், நான் கேலியோடுதான் போனேன். பெட்டியும் கோடும் போட்டால் குளவி கொட்டாதா என்று பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தேன்.

படம் போட வந்தவள் நிரோஷினி என்றொரு பெண். பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ச்சியாகச் செய்கிறவள். டயகமப் பக்கம் லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அம்மா கொழுந்து எடுத்துப் படிக்கவைத்தது என்று பேச்சில் தெரிந்தது. அவள் எங்களை ஒவ்வொருவராகத் தனியே உட்காரவைத்துக் கேட்டாள். என்ன செய்வீர்கள் என்று எல்லா விசாரணையிலும் கேட்டிருக்கிறார்கள். இவள் வேறொன்றும் கேட்டாள்.

"சேர், அதைச் செஞ்சு முடிச்சிட்டு நீங்க யாருக்காகக் காத்துக்கிட்டு இருப்பீங்க?"

என் உத்தியோக காலம் முழுக்க அப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. அந்த இரண்டு விதியையும், அன்றைக்கு நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டாள்.

மத்தியானம் படத்தைத் திரையில் போட்டாள். இடது பக்கம் தோட்டத்து வேலைகள், வலது பக்கம் ஆஸ்பத்திரி வேலைகள். ஒரு கறுப்புப் புள்ளி பெட்டிக்குப் பெட்டி நகரும். அதுதான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். தோட்டப் பக்கத்தை மட்டும் ஓட்டினாள். புள்ளி கடைசிவரை போனது. ஆஸ்பத்திரிப் பக்கத்தை மட்டும் ஓட்டினாள். அதுவும் போனது. இரண்டையும் சேர்த்து ஓட்டினாள். ஒரு புள்ளி டிஸ்பென்சரிப் பெட்டியில் நின்றது. இன்னொரு புள்ளி சந்திப் பெட்டியில் நின்றது. இரண்டும் நகரவே இல்லை. கம்ப்யூட்டர் தானாகவே அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டது.

நான் எழுந்துவிட்டேன். புவனேஸ்வரி செத்த இடத்தை எங்கோ பிறந்த ஒரு மெஷின் விரல் வைத்துக் காட்டுகிறது. காலையில் சிரித்ததை நினைத்து அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"தனித்தனியாப் பார்த்தா ரெண்டு பக்கமும் சரி. சேர்த்துப் பார்த்தாத்தான் பிழை தெரியும்" என்று நிரோஷினி விளக்கினாள். "வேலை செய்யுற நேரம் பெட்டிக்குள்ள இருக்கு. காத்துக்கிட்டு இருக்கிற நேரம் அம்புக்குறியில இருக்கு. எல்லாரும் பெட்டிய மட்டும்தான் கூட்டுறாங்க. இந்த இடத்துல ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்க. அதனால மொத்த நேரம் எவ்வளவுன்னு கணக்கே வராது." திரையில் மொத்த நேரம் என்று போட்டிருந்த இடத்தில் எண் எதுவும் இல்லை. வெறுமையாக இருந்தது.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண் இல்லாம மேலிடத்துக்கு அனுப்ப ஏலாதும்மா" என்றார்.

"எண் இல்லைங்கிறதுதான் சேர் விடை" என்றாள் நிரோஷினி.

"அந்த எடத்த சிம்பிளா போட்டா என்ன? 'நோயாளி கையளிப்பு'ன்னு ஒரே பெட்டி. பத்து நிமிஷம்."

கம்பெனிக்காரர் உடனே தலையாட்டினார். சுகாதாரப் பக்கத்தவரும் தலையாட்டினார். அன்றைக்கு மலையில் ஒன்று சேரத் தெரியாத இரண்டு பக்கமும், அந்தச் சிவப்பு வட்டத்தை அழிப்பதற்கு மட்டும் எப்படி ஒரே நொடியில் ஒன்று சேர்ந்தன பாருங்கள்!

எனக்குப் பொறுக்கவில்லை. "பத்து நிமிஷமா? இப்பவே போன் போட்டுப் பாருங்க. இந்த மேசையிலருந்தே போடுங்க" என்று கத்தினேன். யாரோ அடக்கப் பார்த்தார்கள், நான் உட்காரவில்லை. கடைசியில் சுகாதாரப் பக்கத்தவர் வேண்டாவெறுப்பாகப் போனை எடுத்து, எல்லாரும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்து, ஆஸ்பத்திரியில் அம்புலன்ஸ் பொறுப்பானவரிடம் கேட்டார். அம்புலன்ஸ் சந்தி வரைக்கும்தான் போகும், தோட்டத்து வாகனம் கொண்டுவரும் என்று பதில் வந்தது. அடுத்ததாகக் கம்பெனிக்காரர் எங்கள் பழைய தோட்டத்துக் கந்தோருக்கு எடுத்தார். "அம்புலன்ஸ் டிஸ்பென்சரிக்கே வருங்க சேர். லொரி அனுப்ப மாட்டோம்" என்றது அங்கிருந்த குரல். புவனேஸ்வரி செத்து இத்தனை வருஷம் கழித்தும் அதே பேச்சு. நாளைக்குக் குளவி கிளம்பினால் நாளைக்கும் ஒருத்தி சாவாள்.

தலைமை வகித்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல பொயிண்ட். கூட்ட மினிட்ஸ்ல எழுதிப் போட்டுக்குவோம். தேத்தண்ணி குடிச்சிட்டு வருவோமா?" என்றார்.

தேத்தண்ணி குடித்தார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சுவரில் தொங்கும் அந்தத் தாளில் சிவப்பு வட்டம் இல்லை. 'நோயாளி கையளிப்பு, பத்து நிமிடம்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. விதி இரண்டும் மாறவில்லை. நிரோஷினி என் போனுக்குப் பழைய படத்தை அனுப்பியிருந்தாள். "சேர், இதுதான் சரியான படம். இத வச்சிக்கங்க. என்னால இவ்வளவுதான் முடிஞ்சது" என்று கீழே எழுதியிருந்தாள். எனக்கு அவள்மீதும் கோபம்தான் வந்தது. நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய? என் வீட்டுக்குள்ளேயா குளவி கிளம்புகிறது? பிறகு யோசித்தேன். இரண்டு பெரிய பக்கமும் ஒரு பக்கமாகி நெருக்கும்போது அந்தச் சின்னப் பெண் என்ன செய்வாள்? கோபத்தை அவள்மீது காட்டுவது சுலபம், அவ்வளவுதான்.

போன கிழமை பழைய தோட்டத்துக்குப் போனேன். டிஸ்பென்சரி வாசலில் புஷ்பம் பிரஷர் மாத்திரைக்கு வந்து நின்றாள். தலை நரைத்திருந்தது. இன்னும் அதே மேல் மலையில்தான் கொழுந்து எடுக்கிறாள். "என்னங்க டாக்டரய்யா, இளைச்சுப் போயிட்டீங்க? வீட்டம்மா சாப்பாடு போடுறதில்லையா?" என்று சிரித்தாள். அப்புறம் சுவரைக் காட்டி, "உங்க பேரெல்லாம் போட்டிருக்காங்களே, பெரிய ஆளாயிட்டீங்க" என்றாள்.

எனக்கு அவமானமாகிவிட்டது. போனில் இருந்த பழைய படத்தைக் காட்டி, புள்ளி இரண்டும் நின்றுபோன விஷயத்தைச் சொன்னேன். சிவப்பு வட்டத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இந்த எடத்துலயா எங்க அண்ணி செத்தாங்க?"

"ஆமாம்மா. இந்த எடத்துலதான்."

போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் போனாள். கொழுந்துக் கறை படிந்த விரலை முதல் பெட்டியில் வைத்தாள். எழுத்தை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே அம்புக்குறி வழியாக அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோனாள். டிஸ்பென்சரி, டெலிபோன், கையளிப்பு, அம்புலன்ஸ், ஆஸ்பத்திரி வாசல். விரல் கடைசியில் இருந்த பச்சைக் கணக்கில் போய் முட்டியது. திரும்பவும் முதலிலிருந்து ஒரு தடவை கொண்டுபோனாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"வெரல் எங்கயும் நிக்கலையே டாக்டரய்யா. அப்ப எங்க அண்ணி எங்க செத்தாங்களாம்?"